ஸ்ட்ரிங்கர்: பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது

முறிப்புக் காட்டில் மரம் வெட்டுகிறார்கள், நாயாற்றுக் கரையில் தொழில் செய்வதில் தகராறு, கொக்குத்தொடுவாயில் குழாய் போடத் தோண்டிய இடத்தில் எலும்புகள் தெரிகின்றன என்று இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியிலிருந்து ஒரு செய்தி வெளியே வருகிறதென்றால், அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரிங்கர்தான். ஊரில் அவரை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. "பேப்பர்காரர்", "ரிப்போர்ட்டர்", இப்போது "மீடியாக்காரர்" என்பார்கள். பத்திரிகையில் "முல்லைத்தீவு நிருபர்" என்றோ "கிளிநொச்சி செய்தியாளர்" என்றோ வரும். ஸ்ட்ரிங்கர் என்ற சொல் அலுவலகத்துக்குள் புழங்குவது, அதிலும் முக்கியமாகக் கணக்குப் பிரிவில்.

பொருள் இதுதான்: ஒரு ஊடக நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல், ஒரு பிரதேசத்தில் இருந்துகொண்டு, அனுப்பும் செய்திக்கும் படத்துக்கும் காணொளிக்கும் ஏற்பக் காசு வாங்குபவர். வெளியானால் காசு, வெளியாகாவிட்டால் பொதுவாக ஒன்றுமில்லை, போய்வந்த எண்ணெய்க் காசும் அவருடைய தலையில்தான்.

சொல்லின் வேர் ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங், அதாவது கயிறு, சரம். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் என்னவென்றால், அந்தக் காலத்தில் வெளியூர் நிருபர்கள் மாதம் முழுக்கத் தாங்கள் எழுதி அச்சில் வந்த செய்திகளை வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி நீளமான ஒரு சரமாக்கி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதை அளந்து இத்தனை அங்குலம், அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். கயிற்றை வைத்தே அளந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, ஒரு மனிதரின் வேலையைக் குறிக்க வந்த சொல்லில் அவர் என்ன செய்கிறார் என்பது இல்லை, எப்படி அளந்து காசு கொடுக்கப்படுகிறது என்பதுதான் இருக்கிறது. அங்குலக் கணக்கு போய்விட்டது, இன்றைக்குச் செய்தி எண்ணிக்கையும் காணொளி எண்ணிக்கையும் வந்திருக்கின்றன. முறை அதேதான்.

சரி, தமிழில் நம்மிடம் என்ன இருக்கிறது?

முதலில் நிருபர். நிருபம் என்றால் கடிதம், எழுத்தில் வரும் ஆணை என்றும் பொருள் உண்டு. வடமொழி வழியாக வந்த சொல். பைபிளில் ரோமருக்கு எழுதின நிருபம், கொரிந்தியருக்கு எழுதின நிருபம் என்று வருவது இதுவேதான், ஆகவே அந்தப் பைபிளை வாசித்து வளர்ந்த கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இருக்கும் இடத்தில் நடப்பதைக் கடிதமாக எழுதி அனுப்புபவர் நிருபர். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, ஏனென்றால் அனுப்புபவர் ஒருவர் இருந்தால் பெறுபவர் ஒருவரும் இருக்கிறார் என்பது சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. (அரசனைக் குறிக்கும் நிருபன் வேறு, அது மனிதரைக் காப்பவன் என்ற பொருளில் வந்த தனிச்சொல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.)

செய்தியாளர், ஊடகவியலாளர் இரண்டும் பொதுச்சொற்கள். ஆசிரியர் பீடத்தில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவரும் ஊடகவியலாளர்தான், மாங்குளத்திலிருந்து படம் அனுப்புபவரும் ஊடகவியலாளர்தான். மரியாதைக்கு நல்லது, நிலைமையைச் சொல்லப் போதாது.

சுயாதீன ஊடகவியலாளர் என்பதைப் பலர் ஸ்ட்ரிங்கருக்கும் போடுகிறார்கள். அது பொருந்தாது. சுயாதீனமாக எழுதுபவர் தனக்குப் பிடித்த விடயத்தை எடுத்து, யாருக்கும் கொடுப்பார். ஸ்ட்ரிங்கருக்கோ காலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், இன்றைக்கு அங்கே போராட்டமாம், ஓடிப்போய் எடுத்து அனுப்பு என்று. ஏவுவதற்கு ஒரு நிறுவனம் இருக்கிறது, பொறுப்பெடுக்கத்தான் இல்லை. பகுதிநேரச் செய்தியாளர் என்பதும் இதே கதைதான். இரவு பதினொரு மணிக்கு ஏ9 வீதியில் விபத்து என்றால் எழும்பிப் போகிறவரின் வேலை எந்தப் பகுதியில் முடிகிறது? பகுதியாக இருப்பது கொடுப்பனவு மட்டும். அதனால் வீட்டுச் செலவுக்குத் தோட்டமோ, கடையோ, வேறு வேலையோ பார்க்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் சொல் பற்றிய சண்டைதானே என்று விட முடியாமல் இருப்பதற்குக் காரணம், இந்த நாட்டில் கொல்லப்பட்ட தமிழ்ச் செய்தியாளர்களில் பலர் இந்த வகையினர் என்பது. மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்கும் வீரகேசரிக்கும் ராவய என்ற சிங்களப் பத்திரிகைக்கும் செய்தி கொடுத்தவர், 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், பாதுகாப்பு இறுக்கமாக இருந்த நகரத்தில், தன் வீட்டிலேயே சுடப்பட்டார். சுப்பிரமணியம் சுகிர்தராஜன் திருகோணமலையில் சுடர் ஒளி பத்திரிகைக்குச் செய்தியாளர். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் குண்டு வெடித்துச் சாகவில்லை, சுடப்பட்டார்கள் என்று காட்டிய படங்கள் அவர் எடுத்தவை. அதே மாதம் 24ஆம் திகதி காலை வேலைக்குப் போக நின்ற இடத்தில் அவரையும் சுட்டார்கள். வன்னிக்குள் புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி, புலம்பெயர் ஊடகங்களுக்குக் களத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தவர், 2009 பெப்ரவரி 12 அன்று எறிகணையில் இறந்தார். வெளிச் செய்தியாளர் சுயமாக உள்ளே வர முடியாத மாதங்கள் அவை, 2008 செப்டம்பரிலேயே தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள்தான் எழுத வேண்டியிருந்தது. நிமலராஜன் கொலைக்கும் சுகிர்தராஜன் கொலைக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

போர் முடிந்த பிறகும் வேலை இலகுவாகவில்லை. 2020 ஒக்டோபரில் முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரம் வெட்டலைப் பதிவு செய்யப் போன இரண்டு செய்தியாளர்களை மரக்கடத்தல்காரர்கள் பிடித்து அடித்தார்கள். 2021 நவம்பர் 27 அன்று முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படம் எடுக்கப் போன ஒருவரை இராணுவத்தினர் முட்கம்பி சுற்றிய பனைமட்டையால் அடித்ததாக அவர் சொன்னார், காயங்களின் படங்கள் எல்லோரும் பார்த்தவைதான். 2025 ஓகஸ்டில் செம்மணிப் புதைகுழி பற்றிப் படமெடுத்து எழுதிவந்த முல்லைத்தீவுப் புகைப்படச் செய்தியாளர் ஒருவர் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவால் அழைக்கப்பட்டு மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார். இதற்குப் பின்னால் நிற்பது 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் ஒருவருக்குத் தேவைப்படுபவை மூன்று: சட்டத்தரணி, தன் ஆள் என்று எழுத்தில் சொல்லும் நிறுவனம், அந்த நாள் வருமானம் போகாது என்ற உறுதி. நிரந்தர ஊழியருக்கு இவை ஓரளவுக்காவது கிடைக்க வழியுண்டு. ஸ்ட்ரிங்கருக்கு நியமனக் கடிதமே இல்லையென்றால் எதை வைத்துக் கேட்பார்?

காசுப் பக்கமும் பாருங்கள். இலங்கையில் ஊழியர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும், ஊழியர் தன் பங்குக்குச் சேமலாப நிதிக்கு 8 வீதம் போடுவார். ஸ்ட்ரிங்கர் என்ற பெயரில் வைத்திருந்தால் இதில் ஒரு சதமும் கட்டாமல் தப்பலாம். இருபது வருடம் எழுதியவர் அறுபது வயதில் வெறுங்கையோடு நிற்பது இப்படித்தான். மோட்டார் சைக்கிள் அவருடையது, கமரா அவருடையது, இன்ரநெற் டேட்டாவும் அவருடையது. 2022 எரிபொருள் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 லீற்றர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு வழி மட்டும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், அங்கிருந்து கொக்கிளாய் வரை போய்த் திரும்புவதென்றால் நீங்களே கணக்குப் பாருங்கள்.

அப்ப எந்தச் சொல்லைப் போடலாம்? என் முடிவு இரண்டு சொற்கள், இரண்டு இடங்களுக்கு. செய்தியின் தலைப்பில், அடையாள அட்டையில், அறிமுகத்தில் பிரதேச நிருபர் என்று போடுங்கள். பிரதேசம் இருக்கிறது, நிருபம் இருக்கிறது, பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் வரும்போது யாருடைய நிருபர் என்பதும் தெரியும். சம்பளம், உரிமை, சட்டம் பற்றிப் பேசும் இடங்களில் துண்டுக்கூலி நிருபர் என்று சொல்லலாம். துண்டு வீதக் கூலி என்பது நம் வணிகக் கல்விப் பாடத்திலேயே உள்ள சொல், செய்த துண்டுக்கு ஏற்பக் கொடுக்கும் கூலி. கேட்கக் கொஞ்சம் உறுத்தும், அந்த உறுத்தல் தேவைதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஸ்ட்ரிங்கர் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது இந்தக் கூலிமுறை காதில் விழுவதே இல்லை.

பெண்களுக்கும் நிருபர்தான், தனி விகுதி தேவையில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்திவரும் போராட்டம் போன்ற இடங்களுக்குப் போய் எழுதும் பெண்களைப் "பெண் நிருபர்" என்று ஒட்டுப்போட்டு எழுதுவதை விட்டுவிடலாம். அவர்கள் பெயரை எழுதுங்கள், கீழே பிரதேச நிருபர் என்று போடுங்கள், நியமனக் கடிதத்திலும் அதையே போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.