மார்ஃபின் போட்டா கேன்சர் பரவுமா?

"அம்மாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்காங்க, அது கட்டியை வளத்துடும்னு சித்தப்பா பயமுறுத்தறார், நிஜமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சித்தப்பா சும்மா அடிச்சு விடல, ஆனா பாதிக் கதைதான் அவருக்குத் தெரியும்.

மார்ஃபின் மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்கற மியூ ஏற்பில (செல் மேல இருக்கற பூட்டு மாதிரி, மார்ஃபின் அதுக்குச் சாவி) போய் ஒட்டிக்கும், வலி அடங்கும், இது தெரிஞ்சதுதான். அதே ஏற்பி குடல்லயும் இருக்கு, அதனாலதான் மார்ஃபின் எடுக்கறவங்களுக்கு மலச்சிக்கல் உயிரை வாங்கும். சிகாகோ யுனிவர்சிட்டில லியான் கோல்ட்பெர்க்னு ஒரு மருந்தியல்காரர், கேன்சர்ல கிடந்த நண்பர் இந்தத் தொல்லைக்காகவே மார்ஃபின் வேணாம்ங்கறதைப் பாத்துட்டு ஒரு வேலை செஞ்சார். மார்ஃபினைத் தடுக்கற நால்ட்ரெக்ஸோன்னு மருந்து இருக்கே, அதை அப்படியே குடுத்தா மூளைக்குள்ளயும் போய் வலி நிவாரணத்தையும் சேத்துக் கெடுத்துடும். அதோட நைட்ரஜன்ல மீத்தைல்ங்கற குட்டி அணுக்கூட்டம் ஒண்ணே ஒண்ணு ஒட்டினா மூலக்கூறுக்கு நிரந்தரமா பாசிட்டிவ் மின்சுமை வந்துடுது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற தடுப்பு கொழுப்புச் சுவர் மாதிரி, மின்சுமை உள்ளதை லேசுல உள்ள விடாது. அதனால குடல்ல மார்ஃபின் வேலை நிக்கும், மூளைல வலி நிவாரணம் அப்படியே இருக்கும்! மூணு ஹைட்ரஜனும் ஒரு கார்பனும் செஞ்ச வேலைங்க இது, எத்தனை தடவ யோசிச்சாலும் எனக்கு அலுக்கல.

2008ல அமெரிக்கால இந்த மீத்தைல்நால்ட்ரெக்ஸோன் மலச்சிக்கல் மருந்தா அனுமதி வாங்குச்சு. அதுக்கு முன்னாடியே இதை எடுத்த முத்தின கேன்சர்காரங்க சிலபேர் எதிர்பார்த்ததைவிட சில மாசம் கூட உயிரோட இருந்ததை அதே யுனிவர்சிட்டி மயக்கவியல் டாக்டர் ஜொனாதன் மாஸ் கவனிச்சார். அவரும் ஆராய்ச்சியாளர் பேட்ரிக் சிங்கிள்டனும் தோண்டினப்போ, ரத்தக்குழாய் செல்லுல மார்ஃபின் உக்காந்தா பக்கத்துல இருக்கற விஇஜிஎஃப் ஏற்பியும் சேந்து ஆன் ஆகுதுன்னு தெரிஞ்சது. அது புது ரத்தக்குழாய் முளைக்க வெக்கற சுவிட்ச், கட்டிக்குத் தீனி போறதே அந்தக் குழாய் வழியாதான். மியூ ஏற்பியே இல்லாத எலிகள்ல நுரையீரல் கேன்சர் செல்லை விட்டாங்க, கட்டி சரியா வளரவே இல்ல.

பயமா இருக்குல்ல? இப்ப மனுஷங்க கதை. மார்பகக் கேன்சர் ஆபரேஷன் செஞ்ச 2108 பெண்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் நரம்பு மரப்பு ஊசி, இன்னொரு பக்கம் மயக்க வாயுவும் ஓபியாய்டும் (மார்ஃபின் வகை வலி மருந்து) குடுத்தாங்க. 2019ல ரிசல்ட் வந்தது, ரெண்டு பக்கமும் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்துச்சு. வித்தியாசமே இல்ல. அதோட அடக்காத வலியும் ஆபரேஷன் அதிர்ச்சியும் கேன்சரைக் கொல்ற செல்களை மந்தமாக்கும், ஆபரேஷன் செஞ்ச எலிகளுக்கு மார்ஃபின் குடுத்தப்போ பரவல் குறைஞ்சதும் உண்டு.

மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் லைசென்ஸ் குடுத்து, மார்ஃபின் எடுக்கற அபினை விளைவிக்கற நாடு நம்மளது, ஆனா இங்க எத்தனையோ பேர் மார்ஃபின் கிடைக்காமலே வலியில துடிக்கறாங்க, எனக்கு ஆத்திரம் அதுலதான். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன அளவு நேரத்துக்குக் குடுங்க, கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதச் சொல்லிக் கேளுங்க, சித்தப்பாவை நான் பாத்துக்கறேன்.