பெருங்குடல் கேன்சர் ஆபரேஷன்: அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு கார்டைச் சரிபாருங்கள்

மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, கடைசியில் பெருங்குடலில் கேன்சர் என்று தெரிந்துகொண்ட பலரை நாகர்கோவிலில் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே தாமதம். அதன்மேல் கார்டுக்காகவும் அலையவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பழைய வரம்பான 72,000-ஐச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். வருமானச் சான்று கைக்கு வந்ததும் தொகையைப் பாருங்கள். மகன் கல்ஃபில் இருக்கிறான் என்பதற்காகக் கூட்டி எழுதியிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது ரேஷன் கார்டில்தான், காப்பீட்டில் குடும்பம் என்றால் அதில் பெயர் உள்ளவர்கள். குளச்சல் பக்கத்து அம்மா ஒருவரை வைத்துப் பார்த்தது மகள். பெயர் இருந்ததோ மார்த்தாண்டத்து மகன் கார்டில். அந்தக் கார்டுக்குக் காப்பீடு எடுக்கவேயில்லை. தாலுகா ஆபீசில் கேட்டால் கலெக்டர் ஆபீஸ் என்றார்கள், அங்கே போனால் வி.ஏ.ஓ.விடம் போகச் சொன்னார்கள். இதற்குள் குடல் அடைத்துக்கொண்டது. அடைப்போடு அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில் ஆபத்து கூடுதல், மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டிவரும் வாய்ப்பும் கூடுதல். அதனால் பயாப்ஸிக்குக் கொடுத்த அன்றே நோயாளியின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரி வழியாக அனுமதி வாங்கிவிட வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், பணம் வராது. குடல் அடைத்து அவசரமாக ஓடிவந்திருந்தால், சேர்க்கும்போதே காப்பீட்டு மேசையில் சொல்லி அவசர அனுமதி கேளுங்கள். திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள், இந்தக் கார்டு அங்கே செல்லுமா என்று உறுதி செய்துகொண்டு வண்டி ஏறுங்கள்.

அப்புறம், "லேப்ராஸ்கோப்பி வேண்டுமென்றால் தனியாகக் கட்டுங்கள்" என்ற பேச்சு. அது துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். தழும்பு சிறிது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் பெருங்குடல் கேன்சரில் வயிற்றைத் திறந்து செய்தாலும் துளை போட்டுச் செய்தாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஒரே அளவுதான் என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. அதற்காகத் தாலியை அடகு வைக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. வெட்டி எடுத்த குடலோடு குறைந்தது 12 நெறிக்கட்டிகளையாவது (லிம்ப் நோடு) சோதித்தார்களா என்று பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயாப்ஸி அறிக்கையில் அந்த எண்ணிக்கை இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் கீமோ உண்டு, அதை ஆபரேஷன் முடிந்து 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. கீமோவுக்குத் தனி அனுமதி வேண்டும். தையல் பிரிக்கப் போகும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும், கார்டு செல்லாது என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண்ணான 1800 425 3993-க்கு அழையுங்கள்.