கன்று வாங்குமுன் ஊர்ப் பெயரை யோசியுங்கள்

நாவற்குடா, தாழங்குடா, புன்னைக்குடா, கொக்கட்டிச்சோலை. மட்டக்களப்பில் எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே மரங்கள் நிற்கின்றன. நாற்றுமேடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஊர்? வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம், வாவி எவ்வளவு தூரம்?" என்பதைத்தான். என்ன மரம் வேண்டும் என்பது அப்புறம்.

போன வருஷம் கல்லடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்டியில் மகள் வீட்டுப் பக்கம் பார்த்த நாகமரத்தில் அவருக்கு ஆசை. ஏற்கெனவே இரண்டு கன்று வைத்து, இரண்டும் கச்சான் என்கிற வறண்ட கோடைக்காற்றில் கருகிவிட்டன. "நம்மட நாட்டு மரம்தானே மனே, இஞ்சயும் வரத்தானே வேணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நாகமரம் இலங்கையின் தேசிய மரம்தான். ஆனால் அது ஈரவலயக் காட்டில் வளர்ந்த மரம். நமக்கோ ஐப்பசியில் தொடங்கும் மாரி தையோடு ஓய்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். கல்லடியில் அதோடு மணலும் உப்புக்காற்றும் வேறு. நாட்டுக்கு உரிய மரமெல்லாம் உங்கள் வளவுக்கு உரியதல்ல.

அவருக்குப் புன்னை கொடுத்தேன். அதன் இலையைத் தொட்டாலே காரணம் தெரியும்: தோல் போலத் தடிப்பு, மேலே மினுக்கம். உப்புக்காற்று அதை இலகுவில் சுடாது. புன்னை விதையை ஓட்டோடு புதைத்தால் முளைக்க இரண்டு மாதம்வரை எடுக்கும். உள்ளே பருப்பு நசியாமல் ஓட்டை உடைத்து எடுத்துவிட்டால் மூன்று வாரத்தில் தலை காட்டும். கரையோர மணலுக்குப் பூவரசும் நல்லது. தடி வெட்டி நட்டாலே துளிர்க்கும். வேலிக்குக் கிளா வையுங்கள். முள்ளும் இருக்கும், வாசப் பூவும் இருக்கும், பழத்துக்குக் குருவிகளும் வரும். கடலை ஒட்டிய வளவென்றால் அங்கே படர்ந்திருக்கும் அடம்பன் கொடியைக் குப்பை என்று பிடுங்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் கதை வேறு. அங்கே மண் கனம். குளக்கட்டுக்கும் ஆற்றோரத்துக்கும் மருது, மேட்டுக்குப் பாலையும் வீரையும், வீட்டு வளவுக்கு விளாவும் நாவலும். மருதை மட்டும் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். அது மிகப் பெரிதாகும்.

வாவிக்கரைக்கு, உப்புநீரில் வளரும் கண்டல் மரம் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே நடுவது என்பதில்தான் பிழை விடுகிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாடு முழுக்கக் கண்டல் நட்டார்கள். அந்த நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்கிறது. கண்டல் இந்த மண்ணின் மரமேதான். ஆனால் நீர் ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல் நட்டால் அதுவும் சாகும். படித்த அன்று எனக்கு மனம் பொறுக்கவில்லை, எத்தனை பேருடைய உழைப்பு அது! நடுமுன் அங்கே தானாக முளைத்த கண்டல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அங்கே தில்லை மரம் இருந்தால் கவனம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

எங்கே வாங்கினாலும் பையின் அடியைப் பாருங்கள். ஆணிவேர் சுருண்டு சுற்றியிருந்தால் அந்தக் கன்றை விடுங்கள். அது வளரும், ஆனால் பிடிமானம் இராது. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் வீட்டில் இருந்தால், மரம் சரிவது என்றால் என்னவென்று அவர்களிடம் கேளுங்கள்.

முதல் இரண்டு மழை விழுந்து மண் நனைந்ததும் நடுங்கள். தை வரை மழை பார்த்துக்கொள்ளும். அதன்பின் முதல் கச்சான் காலம் முடியும்வரை நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. அடுத்த நாவற்பழக் காலத்தில் கொட்டையை எறியாமல் கழுவி, காயவிடாமல், அந்தக் கிழமையே பையில் போடுங்கள். சில நாட்கள் போனாலே அதன் உயிர்ப்பு குறைந்துவிடும். ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் வியக்காதீர்கள், நாவலுக்கு அது வழக்கம். திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.