ரயில் போகாத பாதையில் என்ன முளைக்கும்?

கைவிட்ட ரயில் பாதை ஒன்று இயற்கைக் காப்பிடமாகக் கிடைத்தால், செம்மண் கொட்டிப் புல்வெளி போடத்தான் நமக்கு முதலில் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். மண் வளம் இல்லாததுதான் அந்த இடத்தின் பலம்.

தண்டவாளத்தின் கீழே கிடப்பது உடைத்த கருங்கல் ஜல்லி. ரயிலின் பாரத்தைப் பரப்பித் தாங்கவும், மழைநீரை உடனே வடித்துவிடவும் போட்டது. ரயில் நின்ற பிறகு தூசியும் சருகும் அதன் இடுக்குகளில் இறங்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நனையும். பங்குனிக்குள் சுத்தமாகக் காய்ந்துவிடும். வளமான மண்ணில் விறுவிறுவென்று வளர்ந்து மற்றச் செடிகளை அமுக்கும் களைகளால் இங்கே தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் தும்பை, மூக்கிரட்டை மாதிரியான சிறு செடிகளுக்கு இடம் கிடைக்கிறது.

எருக்குக்கோ இது சொந்த வீடு. விதையில் இருக்கும் பட்டு இழை காற்றில் பறக்க உதவுகிறது. ஆணிவேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடுகிறது, இலையின் மெழுகுப் பூச்சு அந்த ஈரத்தைக் காக்கிறது. எருக்கம்பாலில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. ஆடுகூட அதை ஒதுக்கும். ஆனால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அந்த இலையில்தான் முட்டையிடுகிறது! அதன் புழு இலையைத் தின்று, நச்சில் கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. வண்ணத்துப்பூச்சியைக் கடித்துப் பார்த்த பறவை அதன் ஆரஞ்சு நிறத்தை அப்புறம் நெருங்காது.

சரி, அப்படியே விட்டுவிட்டால் போதுமா? போதாது. கொழுஞ்சியின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகிறது. சருகும் மட்கி மண் மெல்ல வளமாகும். பின்னாலேயே சீமைக்கருவேலம் நுழைந்து நிழலைப் பரப்பும். வெயில் விரும்பும் செடிகள் மறையும். பெர்லினில் 1952-இல் போக்குவரத்து நின்ற சூட்கெலெண்டே ரயில் யார்டில் இப்படித்தான் மரங்கள் மூடிக்கொண்டு வந்தன. 2000-இல் அதைப் பூங்காவாகத் திறந்தவர்கள், ஒரு பகுதியைக் காடாக விட்டு, மற்ற இடங்களை வெட்டவெளியாகவே பராமரிக்கிறார்கள்.

இங்கேயும் சீமைக்கருவேலத்தைக் கன்றிலேயே வேரோடு பிடுங்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கியதை வெளியே கொண்டுபோய்விட வேண்டும், அங்கேயே மட்கினால் உரமாகிவிடும். ஜல்லிக் குவியல்களை மட்டும் கலைக்காமல் விடுங்கள். அரணையும் ஓணானும் வெயில் காய்வது அங்கேதான்.