ஊசி போடப்போவது யார் என்று முதலில் சொல்லுங்கள்

போன வாரம் காட்பாடியிலிருந்து ஒருவர் தன் லேப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உண்ணிக் காய்ச்சல். வெளியூரில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த நாயைப் பாதியிலேயே கூட்டி வந்துவிட்டார். இரண்டு முன்னங்கால்களிலும் முடி மழித்து, குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. "குத்திப் பழக எங்க நாய்தான் கிடைச்சுதா சார்?" என்றார். ஊசி போட்டது மாணவி என்று பக்கத்தில் நின்ற யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியுமாம். இப்படிச் சிகிச்சையைப் பாதியில் விட்டு வரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பது!

உண்ணிக் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் குறைந்துவிடும். நான் குத்தியிருந்தாலும் கன்றித்தான் போயிருக்கும். அவரிடம் இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

சக மருத்துவர்கள் சிலர், "இலவசமா பார்க்கிறோம், யார் பார்த்தா என்ன?" என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவதே இங்கேதான். காசு வாங்கவில்லை என்பதற்காக நாய் நம்முடையது ஆகிவிடாது. மாணவர்தான் ஊசி போடப்போகிறார் என்று ஆயிரம் ரூபாய் கொடுப்பவரிடம் சொல்வீர்கள், டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பவரிடம் சொல்ல மாட்டீர்களா? ஆபரேஷன் படிவத்தில் ஒரு மூலையில் அச்சடித்திருப்பதும் சொன்னதாகாது. அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அதையா படிப்பார்? "சொன்னா விடமாட்டாங்க" என்பதும் வெறும் பயம். "இவர் கடைசி வருஷ மாணவர், நான் பக்கத்திலேயே இருப்பேன், முடியலன்னா நானே போடுவேன்" என்று முகம் பார்த்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மாணவர் முன்னால் அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

வளர்ப்பவர்களே, கால்நடை மருத்துவப் படிப்பு 5½ ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு முழுக்கப் பயிற்சிதான். கை வைத்துப் பழகாமல் யாரும் டாக்டர் ஆக முடியாது. அதனால் மாணவர் என்றதும் நாயை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மேற்பார்வை மருத்துவர் யார், மயக்க மருந்து கொடுக்கும்போது கூடவே இருப்பாரா என்று கேளுங்கள். ஒரே காலில் திரும்பத் திரும்பக் குத்தினால், "கொஞ்சம் பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கம்மா" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நீங்களும் ஒன்றை மறைக்காதீர்கள். நாய் கடிக்குமா, வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சை நம்பிக் கடிபட்ட மாணவப் பிள்ளைகள் நிறைய. தயவுசெய்து வாய்ப்பூட்டு போட்டுக் கூட்டி வாருங்கள்.