தண்ணீர் தொடும் முன்: கம்பளத் துப்புரவில் உலர் தூசு நீக்கமும் அதற்கான கருவிகளும்

சென்னையில் அலுவலகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் கம்பளங்களைச் சுத்தம் செய்ய ஒப்பந்தம் எடுக்கும் பல குழுக்கள், வந்து இறங்கியதும் முதலில் கையில் எடுப்பது ஷாம்பு வாளியையும் வட்டப் பிரஷ் சுழலும் இயந்திரத்தையும்தான். நுரை பொங்குவதையும் கறுப்புத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு வருவதையும் பார்க்கும் வாடிக்கையாளர், வேலை மிக நன்றாக நடக்கிறது என்று நம்பிவிடுகிறார். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி, ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதற்கு முன்பே உலர்ந்த நிலையில் வெளியேற்றியிருக்க வேண்டிய மண். இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கம்பளத்தில் சேரும் அழுக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு உலர் துகள்கள் என்பது எங்கள் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மணல், சிமென்ட் தூசு, நூல் துணுக்கு, முடி, உதிர்ந்த தோல் ஆகிய இவற்றில் எதுவும் ஷாம்புவில் கரைவதில்லை. ஈரம் பட்டதும் இவை சேறாகி இழைகளின் அடியில் தங்கிவிடுகின்றன. கம்பளம் காயக் காய, அடியிலிருந்து மேலேறும் ஈரம் நுண்ணிய அழுக்கையும் சுமந்து வந்து இழை நுனியில் விட்டுச் செல்கிறது. சுத்தம் செய்த சில நாட்களிலேயே பழைய நடைதடம் மீண்டும் கறுத்துத் தெரிவதற்கு, அலசப்படாமல் தங்கிய ஷாம்புவோடு இதுவும் முக்கியக் காரணம். துப்புரவுத் தொழிலுக்குத் தரநெறிகள் வகுக்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பு கம்பளத் துப்புரவுக்காக வெளியிட்ட எஸ்100 தரநெறியும் உலர் அழுக்கை நீக்குவதைத்தான் முதற்படியாக வைக்கிறது.

மணலால் வரும் கேடு அழகோடு நிற்பதில்லை. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. நைலான் இழையோ அதைவிடப் பல மடங்கு மென்மையானது. கால் பதியும் ஒவ்வொரு முறையும் அடியில் கிடக்கும் கூரான மணல், இழையைக் கீறுகிறது. கீறல் விழுந்த இழை ஒளியைச் சிதறடிப்பதால், அழுக்கே இல்லாதபோதும் அந்த இடம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அதை எந்த ஷாம்புவாலும் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியாது.

நம் ஊரில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது, தண்ணீரையும் தூசியையும் சேர்த்து உறிஞ்சும் உருளை வடிவ வேக்யூம். ஈரம் எடுப்பதற்கும் வெறுந்தரைக்கும் அது நல்ல கருவிதான். ஆனால் அதன் வெறும் முனை, கம்பளத்தின் மேற்பரப்பைத் தடவிச் செல்லுமே தவிர, இழைகளுக்குள் சிக்கிய மணலைக் கிளப்பிவிடாது. அதற்குச் சுழலும் உருளைப் பிரஷ் பொருத்திய, நின்றபடி தள்ளும் வகை வேக்யூம் வேண்டும்; பிரஷுக்கு ஒரு மோட்டாரும் உறிஞ்சலுக்கு ஒரு மோட்டாரும் தனித்தனியே இருந்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வாட் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று மட்டுமே சொல்லும். கிளம்பிய மணலைச் சுமந்து செல்வது காற்றோட்டம். தூசு சேரும் பை நிறைய நிறைய அதுதான் முதலில் குறைகிறது. ஆகவே பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததுமே மாற்றிவிட வேண்டும். புதிதாகக் கட்டி முடித்த கட்டடங்களில் சிமென்ட், பட்டித் தூசு மிக நுண்ணியதாக இருப்பதால், பை பாதி நிறையும் முன்பே அதன் துளைகள் அடைபட்டுவிடும். அத்தகைய இடங்களில் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாவிட்டால், ஒரு பக்கம் எடுத்த தூசு மறுபக்கம் வெளியேறி மேசைகளில் படியும். ஆஸ்துமா உள்ளவர்கள் பணிபுரியும் இடத்தில் இது பொறுக்கத்தக்க குறையன்று.

நெடுநாள் கவனிக்கப்படாத கம்பளத்துக்கு, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை உருளைப் பிரஷ் இயந்திரத்தை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில், நாள்தோறும் வேக்யூம் செய்யப்படும் நடைவழியில்கூட இதை ஒருமுறை உலர்வாக ஓட்டிவிட்டு இருபக்கத் தட்டுகளைக் கழற்றிப் பார்த்தால், முடிக்கற்றை, ஸ்டேப்லர் பின், பஞ்சு, அவற்றுக்கிடையே பருமணல் என்று திரண்டு கிடக்கும். படுத்துப்போன இழைகளும் நிமிர்ந்துவிடுவதால், அடுத்து ஓட்டும் வேக்யூமுக்கு அடிவரை வழி கிடைக்கிறது. பிரஷின் இரு முனைகளிலும் சுற்றிக்கொள்ளும் முடியைக் கத்தரித்து எடுப்பது அன்றாட வேலை; விட்டால் பேரிங் சூடேறிக் கெடும்.

எல்லாக் கம்பளத்துக்கும் பிரஷ் ஆகாது. இழைகள் வளையமாக நிற்கும் கம்பளி நூல் கம்பளம், நீள இழைக் கம்பளம் ஆகியவற்றில் பிரஷை நிறுத்திவிட்டு உறிஞ்சலை மட்டும் பயன்படுத்த வேண்டும்; பட்டில் மென்மையான கை முனை தவிர வேறெதுவும் படக் கூடாது. காஷ்மீர், பதோஹி போன்ற இடங்களிலிருந்து வரும் கையால் முடிச்சிட்ட கம்பளங்களில் மணல் முடிச்சுகளின் அடிவரை இறங்கிவிடும். அவற்றைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் அதிர்வுக் கருவியை ஓட்டினால், மேலிருந்து எத்தனை முறை உறிஞ்சியும் வராத மணல் தரையில் கொட்டும். மொட்டை மாடியில் தொங்கவிட்டுப் பிரம்பால் தட்டிய பழைய வழக்கத்தின் அடிப்படை சரியானதே. ஆனால் பின்புறம் லேடெக்ஸ் பூசி ஒட்டிய கம்பளத்தைத் தட்டினால் அந்தப் பூச்சு பொடியாக உதிரும். பிரித்தறியாமல் கைவைக்கக் கூடாது.

நம் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தையும் கருத வேண்டும். ஈரம் ஏறிய இழையில் தூசு ஒட்டிக்கொள்வதால், மழைக்காலத்தில் சில மணி நேரம் ஏ.சி.யை ஓடவிட்டு, கம்பளம் உலர்ந்த பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது. வேக்யூமை அவசரமாக முன்னும் பின்னும் இழுக்காமல், மெதுவாக, ஒரு தடத்தின் மேல் அடுத்தது சற்றே படியுமாறு, முதலில் நீளவாக்கிலும் பின்னர் குறுக்குவாக்கிலும் ஓட்ட வேண்டும். நடைவழிகளில் மொத்தப் பணி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கினாலும் மிகையில்லை என்பது என் கருத்து.

ஒப்பந்தம் பேசும் வாடிக்கையாளர்கள், எந்த ஷாம்பு என்று கேட்பதற்கு முன், உலர் தூசு நீக்க எந்த இயந்திரம் வருகிறது, அதில் பிரஷ் சுழல்கிறதா, ஃபில்டர் என்ன வகை என்று கேளுங்கள். அந்தப் பகுதி முடிந்ததும், ஆட்கள் அதிகம் நடக்கும் வாசற்பக்கத்தில் இழைகளை விரலால் பிரித்து அடிப்பகுதியைப் பாருங்கள். மணல் கண்ணில் பட்டால் இன்னொரு முறை ஓட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தண்ணீருக்கு அனுமதி கொடுங்கள்.