ஒரே ராத்திரியில் 240 படங்கள்

நவம்பரில் குன்னூரில் சாயங்காலம் நான்கு மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்துவிடும். அப்படியொரு நாளில்தான் அக்கா மகள் தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, ஒரு படம் வெளியே வர இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுது. ஏதாவது பண்ணுங்க."

அவள் செய்துகொண்டிருந்தது பத்து விநாடி அனிமேஷன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மலை ரயில், இருட்டும் நேரத்தில், பனிமூட்டத்துக்குள் குன்னூர் ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. பெட்டிகளைப் பின்னாலிருந்து இன்ஜின் தள்ளுகிறது. பிளாட்பார விளக்குகளின் வெளிச்சம் பனியில் கூம்பு கூம்பாக இறங்குகிறது. அவ்வளவுதான் காட்சி.

விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். சினிமா ஃபிலிம் காலத்தில் நிலைத்துப்போன எண் இது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்ததும் இதே மலையில், ஊட்டியில்தான். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை, 24 மட்டும் அப்படியே இருக்கிறது. பத்து விநாடிக்கு 240 படங்கள். படத்துக்கு 25 நிமிடம் என்றால் 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். நான்கு நாளுக்கும் மேல் லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கையில் இருந்தது 60,000 ரூபாய். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று முடிவு செய்தோம். பாகங்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எது என்ன விலை என்று இங்கே எழுதப் போவதில்லை. எதற்கு ஏன் காசு போட வேண்டும் என்பது மாறாது. அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு படம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். அவள் பயன்படுத்துவது பிளெண்டர். 2002-லிருந்து திறந்த மூல மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. அதில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜின் இருக்கிறது, காட்சியைக் கணக்குப் போட்டுப் படமாக்குவது அதுதான். நிஜத்தில் விளக்கிலிருந்து வெளிச்சம் கிளம்பி, பொருள்களில் பட்டு, நம் கண்ணுக்கு வருகிறது. சைக்கிள்ஸ் அதைத் திருப்பிப் போட்டுச் செய்கிறது. கேமராவிலிருந்து ஒவ்வொரு பிக்ஸல் வழியாகவும் ஒரு கதிரைக் காட்சிக்குள் அனுப்புகிறது. கதிர் பிளாட்பாரத் தரையில் பட்டுத் தெறிக்கும், ரயில் பெட்டியின் நீலத்தில் படும், எங்கேயோ ஒரு விளக்கைக் கண்டுபிடிக்கும். தெறிக்கும் திசையை ஒவ்வொரு தடவையும் குலுக்கல் முறையில் எடுப்பதால் ஒரு கதிரை நம்ப முடியாது. நூற்றுக்கணக்கில் அனுப்பிச் சராசரி எடுக்க வேண்டும்.

1920-க்கு 1080 படத்தில் 20,73,600 பிக்ஸல்கள். பிக்ஸலுக்கு 256 கதிர் என்று வைத்தால் ஒரே படத்துக்கு 53 கோடி கதிர்கள். போதாவிட்டால் படத்தில் மணல் தூவியது மாதிரி புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளியைப் பாதியாகக் குறைக்க கதிர்களை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். கால்வாசியாக்க வேண்டுமென்றால் பதினாறு மடங்கு. சராசரி எடுக்கும் எந்தக் கணக்கிலும் பிழை இப்படி மெதுவாகத்தான் குறையும். பாடாய்ப்படுத்துவது இந்த விதிதான்.

இதில் மூடுபனி வேறு சேர்ந்துவிட்டது. சுவர் என்றால் கதிர் எங்கே தெறிக்கும் என்பது தெரிந்த விஷயம், சுவரில்தான். பனிக்குள் நுழைந்த கதிர் ஒரு அடி போய்த் தெறிக்கலாம், பத்து அடி போய்த் தெறிக்கலாம், தெறிக்காமலே மறுபக்கம் போய்விடலாம். எங்கே திரும்புகிறது என்பதும் குலுக்கல், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் குலுக்கல். அதனால் புள்ளி கூடுகிறது, நேரமும் கூடுகிறது. குன்னூர்க்காரிக்குக் காட்சியில் பனி இல்லாமல் முடியாது என்பதால் விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பிளெண்டர் தனியாக ஒரு படம் தரும். தூரம் கூடக்கூட வெள்ளையைக் கலந்துவிட்டால் பனி வந்துவிடும், நேரமும் கிட்டத்தட்ட ஆகாது. வேறு பகல் காட்சிகளுக்கு அவள் அதைத்தான் செய்தாள், நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பனிக்கு விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. வெளிச்சக் கூம்பு வேண்டுமென்றால் நிஜமான கணக்கைத்தான் போட்டாக வேண்டும்.

சரி, இந்தக் கணக்கை எதில் போடுவது? இங்கே எங்கள் ஊர் வேலையை நினைத்துப் பார்த்தால் போதும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஐம்பது பேர் இறங்கினால் ஐந்து பேரைவிடப் பத்து மடங்கு வேகமாக முடியும். ஒருவர் நிரைக்கும் அடுத்தவர் நிரைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கொழுந்து ஃபேக்டரிக்கு வந்த பிறகு வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, அப்புறம்தான் உலர்த்த முடியும். அங்கே எத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வாட்டாத இலையை உருட்ட முடியாது.

அனிமேஷனிலும் இந்த இரண்டு விதமான வேலையும் இருக்கிறது. பொம்மையை அசைத்துப் பார்ப்பது ஃபேக்டரி வேலை. தோள் திரும்பினால்தான் முழங்கை எங்கே என்று தெரியும், முழங்கை தெரிந்தால்தான் மணிக்கட்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டிய கணக்கு என்பதால், ப்ராசஸரில் எத்தனை கோர் (கணக்குப் போடும் அலகு) என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். ரெண்டரிங் கொழுந்து பறிப்பது. ஒரு பிக்ஸலின் கதிருக்கு அடுத்த பிக்ஸல் என்ன ஆனது என்று தெரிய வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைக்கென்றே அமைந்தது. நாங்கள் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3,584 கோர்கள். ஒவ்வொன்றும் ப்ராசஸர் கோரைவிட மெதுவானது, சுயபுத்தி குறைவு, ஆனால் எல்லாம் சேர்ந்து இறங்கும். கதிர் எதில் மோதுகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் தனிச் சுற்றுகளும் அதில் உண்டு.

அதனால் ப்ராசஸரில் ஆசைப்படவில்லை. ரைசன் 5 5600, ஆறு கோர், 65 வாட், போதும். மிச்சம் பிடித்ததைக் கார்டில் போட்டோம். பழைய தலைமுறைக் கார்டுதான், மொத்தப் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. அடுத்த தலைமுறை 4060 இன்னும் வேகம், கடைக்காரரும் அதைத்தான் காட்டினார். ஆனால் அதில் நினைவகம் 8 ஜிபி, 3060-இல் 12 ஜிபி. 4096-க்கு 4096 அளவில் ஒரு டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் போர்த்தும் படம், 64 எம்பி பிடிக்கும். நிறம், சொரசொரப்பு, மேடு பள்ளம் என்று ஒரு பொருளுக்கு மூன்று வைத்தால் 192 எம்பி. இருபது பொருளுக்கு ஏறக்குறைய 4 ஜிபி ஆகிவிடும், செடியும் மரமும் பனியும் இன்னும் பாக்கி. நினைவகம் நிரம்பினால் ரெண்டர் நின்றுபோகும், அல்லது கம்ப்யூட்டரின் ராமுக்கும் கார்டுக்கும் அலைந்து நொண்டும். மெதுவான கார்டு தாமதமாகவாவது முடித்துக் கொடுக்கும். இடம் போதாத கார்டு முடிக்கவே முடிக்காது.

ராம் 32 ஜிபி, இரண்டு 16 ஆக. ஒரே 32 வாங்கினால் ஒரு ஸ்லாட் மிச்சம் என்று தோன்றும். ஆனால் இரண்டு குச்சி போட்டால் தகவல் இரண்டு வழியாகப் போய் வரும். டிடிஆர்4 3200 வகை ராமில் ஒரு வழிக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2. ஃபைல்களைச் சேமிக்க எஸ்எஸ்டி, 1 டிபி. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் ஏமாறப் பார்த்தோம். ஒரு கடையில் கேபினெட்டோடு இலவசமாக ஒன்று வந்தது. மேலே 450 வாட் என்று பெரிய எழுத்து. பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தேன். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டில்தான், கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும்போது அது தாங்காது. அதை அங்கேயே வைத்துவிட்டுத் தரமான 550 வாட் தனியாக வாங்கினோம். எத்தனை சிக்கனம் பிடித்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். அது போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும்.

மலையில் இருப்பதால் ஒரு லாபம் உண்டு. கார்டின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கு. வேலை செய்யும்போது 45 டிகிரி ஏறும் என்றால் 35 டிகிரி அறையில் 80 ஆகும், எங்கள் வீட்டில் 15 டிகிரியில் 60. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்று கொஞ்சம் மெலிந்தது. அந்த நஷ்டத்தைக் குளிர் ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். ப்ராசஸரோடு வந்த ஃபேனே போதுமாக இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் பயமில்லை. அதன் முள் சுழலும் தட்டுக்கு மேல் காற்றின் மெத்தையில் மிதப்பதால் உயர வரம்பு உண்டு, ஆனால் பொதுவாக அது 3,000 மீட்டர். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

ஈரம்தான் வேறு கதை. ஓடும் கம்ப்யூட்டருக்கு உள்ளே அறையைவிடச் சூடு என்பதால் நீர் படியாது. ராத்திரியெல்லாம் அணைந்து சில்லிட்டுக் கிடக்கும் இரும்புப் பெட்டி, விடிகாலையில் அடுப்படியிலிருந்து வெந்நீர் ஆவி வந்ததும் வேர்க்கும். மூக்குக் கண்ணாடியோடு சமையலறைக்குள் போனால் நடப்பதுதான். நாங்கள் முதலில் வைத்திருந்த இடம் அடுப்படிச் சுவரை ஒட்டியது. ஒரு நாள் காலையில் பக்கக் கதவைத் தடவினால் விரலில் ஈரம் ஒட்டியது. அன்றைக்கு ஸ்விட்சைத் தொடவே இல்லை. துடைத்து, மதியம் வரை காயவிட்டு, உள் அறைக்கு மாற்றினோம்.

பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கும் மலைதான் இது. ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் போதும், இருட்டு. முதல் ராத்திரி அப்படித்தான் ஆனது. படத்துக்கு இரண்டு நிமிடம் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 170-ஆவது ஃப்ரேமைத் தாண்டிய பிறகு கரண்ட் போனது. அவள் நேராக எம்பி4 வீடியோவாக எழுதச் சொல்லியிருந்தாள். அந்த வகை ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதுவதற்குள் அணைந்துவிட்டால் உள்ளே ஐந்தரை மணி நேர வேலை இருந்தும் திறக்காது. அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

மறுநாள் இரண்டு மாற்றம் செய்தோம். ஒரு யுபிஎஸ், கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி. அது விடியும்வரை ஓட்டுவதற்கு இல்லை, ஓடுகிற ஃப்ரேமை முடித்துவிட்டு அணைக்கச் சில நிமிடம் தருவதற்கு. அட்டையில் 600 விஏ என்று இருந்தால் வாட்டில் ஏறக்குறைய 360 என்று பார்த்து வாங்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் ரெண்டரின்போது 250 வாட் அளவில் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். இன்னொரு மாற்றத்துக்குச் செலவே இல்லை. வீடியோவுக்குப் பதில் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாக எழுதச் சொல்வது. எங்கே நின்றதோ அடுத்த எண்ணிலிருந்து தொடங்கலாம். கடைசியில் எல்லாவற்றையும் கோர்த்து வீடியோ ஆக்குவது சில விநாடி வேலை.

அன்று ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தோம். காலை ஆறு மணி தாண்டி எழுந்து பார்த்தால் ஃபோல்டரில் 240 வரைக்கும் எண்கள் இருந்தன. கோர்த்து ஓட்டினாள். பனிக்குள்ளிருந்து பெட்டிகள் மெல்ல வந்தன, விளக்குக் கூம்புக்குள் புகுந்தன. மூன்றாம் தடவை பார்க்கும்போது அவளே கண்டுபிடித்தாள். நடுவில் ஒரு பிளாட்பார விளக்கு அணைந்து மறுபடி எரிகிறது. ஏதோ சோதித்துப் பார்க்க அதை மறைத்தவள் திரும்ப எடுக்க மறந்திருக்கிறாள். 96-லிருந்து 118 வரை, 23 படங்கள்.

"நாப்பத்தாறு நிமிஷம், மாமா" என்று சொல்லிவிட்டு அந்த 23-ஐ மட்டும் அழித்து ரெண்டரைத் தட்டினாள். அக்கா இட்லி ஊற்றி எடுப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.